நலங்குக்கு நம் கிணற்றுத் தண்ணீர்

பாப்பா,

போனில் சொன்னால் "சரிம்மா, டூட்டி இருக்குது" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சென்னை லேபிலிருந்து நம் கிணற்றுத் தண்ணீர் ரிசல்ட் வந்துவிட்டதாம். மேலதிகாரி ஒருமுறை பார்த்ததும் மதியத்துக்குள் கூப்பிடுகிறேன் என்று நஸ்ரீன் மேடம் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். உன் அப்பா, "பரிச்ச எழுதுன புள்ள மாரி இன்னாத்துக்கு இப்பிடி அலைஞ்சிக்கினு இருக்கிற, ஒரு எடத்துல ஒக்காரேன்" என்று என்னை அதட்டிவிட்டு, அவர் மட்டும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். நான் உட்கார வேண்டுமென்றால் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். ஆகவே உனக்கு எழுதுகிறேன். சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது.

நீ நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு கோபித்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியவள். அன்றிலிருந்து ஹாஸ்டலிலிருந்து தினம் ஒரு போன் வருகிறது. "சாப்ட்டியா? மாத்திரை போட்டுக்கினியா?" வார்டில் நோயாளியைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். உன் கோபம் நியாயமானதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். பெண்ணுக்கு நிச்சயம். பெற்றவள் கையில் மருதாணி இல்லை, தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. போதாதற்கு மண்டபத்துக்கு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கோலியனூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளையின் அத்தை உன் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள்: "பொண்ணப் பெத்தவ கை இன்னா மொட்டையா இருக்குது? இந்தக் கண்ணாலத்துல இஷ்டம் இல்லியா?" உன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பேன். நீ கேட்கிற நிலையில் இல்லை. மறுநாள் காலை எனக்கு வேறு வேலை இருந்தது. அந்த வேலைதான் இவ்வளவுக்கும் காரணம்.

நம் வீட்டுக்கு முன்னால், ரோட்டோரம் மூடிக்கிடக்கிற பெட்ரோல் பங்க்கை நீ பார்த்து வளர்ந்தவள். ஆனால் அந்த இடத்தில் உள்ளே என்ன நடந்தது என்று நீ பொறுமையாக உட்கார்ந்து கேட்டதே இல்லை. மண்ணுக்கடியில் புதைத்திருந்த டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கியது. அந்த டேங்க்கைக் கிரேன் வைத்துத் தூக்கிய அன்று திண்டிவனமே வேடிக்கை பார்த்தது. அதற்கு நேர் பின்னால் நம் கிணறு. அதைப் பலகை போட்டு மூடி, சிவப்புப் பெயிண்டில் அபாயம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். தெருவில் எல்லார் வீட்டு போர் குழாயும் நின்றது. நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு நீ படித்த பாடத்தில் பாதி, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று படித்ததுதான். உடம்புச் செல்களைப் பற்றிய பாடத்தை நீ மனப்பாடம் செய்தபோது குடம் நகர்த்தியது நான். அதனால் எனக்கும் அது இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

ஆனி மாதம் உனக்கு இந்தச் சம்பந்தம் முடிவானதும் என் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. உன் நலங்குக்கு நம் கிணற்றுத் தண்ணீர்தான். மஞ்சளும் சந்தனமும் பூசி மணையில் உட்காரவைத்து உன் தலையில் ஊற்றுகிற தண்ணீர், லாரிக்காரன் குழாயிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. இதை உன்னிடம் சொன்னபோது, "ஏம்மா, லாரித் தண்ணி ஊத்துனா மஞ்சா ஒட்டாதா?" என்று சிரித்தாய். சிரி. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். நீ இந்த வீட்டை விட்டுப் போவதற்கு முன் இந்த வீட்டுத் தண்ணீர் உன் மேல் பட வேண்டும்.

பங்க் மனையில் தகரக் கொட்டகைக்குள் வருஷக்கணக்காக ஒரு மிஷின் கிரைண்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்ததே, அது பூமிக்குள் காற்றை அனுப்பித் தண்ணீரிலிருக்கிற பெட்ரோலை ஆவியாக்கி உறிஞ்சி எடுக்கிற மிஷின். சுற்றிலும் மூடி போட்டுப் பூட்டுப் போட்ட குழாய்கள் நட்டிருக்கிறார்களே, அவை சோதனைக் குழாய்கள். கீழே தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளவும், தண்ணீர் எடுக்கிற அன்று கூட நிற்கவும்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வருகிற நஸ்ரீன் மேடம்தான் இஞ்சினியர். உன்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன், இரண்டு பேருக்கும் அது பிடித்திருக்கிறது. போன வருஷம் மிஷினை நிறுத்தியபோது நான் "அப்போ முடிஞ்சிதா மேடம்?" என்று கேட்டேன். "இப்பத்தான் அக்கா பரீட்சையே. மிஷின் ஓடறப்போ தண்ணி நல்லாத்தான் இருக்கும். நிறுத்துனப்புறமும் நல்லா இருக்குதான்னு பார்க்கணும்" என்றார். மழைக்குத் தண்ணீர் மட்டம் ஏறும்போது மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பெட்ரோல் மறுபடியும் கரைந்து இறங்கலாமாம். அதுதான் பயம்.

வேலை எப்படி என்று சொல்கிறேன், கேள். குழாயைத் திறந்ததும் மேலே நிற்கிற தண்ணீரை எடுக்கக் கூடாது. அது வெகுநாளாகக் குழாய்க்குள்ளேயே நின்ற தண்ணீர். அதை நிதானமாக இறைத்துத் தனி டிரம்மில் விட வேண்டும். சூடு, உப்பு எல்லாம் மீட்டரில் ஏறி இறங்கி, பிறகு ஒரே அளவில் நிற்கும். நின்ற பிறகு வருவதுதான் பூமியின் தண்ணீர். எனக்கு இதில்தான் முதலில் பொறுமை இல்லை. "தண்ணிதான் வந்துடுச்சே மேடம், ஜல்தியா புடிச்சிடலாமே" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு மீட்டரைக் காட்டுவார். நீயும் என்னை மாதிரிதான், எடுத்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுகிற ஆள். கோலியனூரில் முதல் ஒரு மாதம் யார் என்ன பேசினாலும் அதை வைத்து அவர்களை முடிவு கட்டாதே. புது மருமகள் வந்த வீட்டில் எல்லாருமே கொஞ்சம் கலங்கித்தான் இருப்பார்கள், அந்த அத்தை உட்பட. அளவு நிற்கட்டும், பிறகு பார்.

அப்புறம் குப்பி. சுண்டுவிரல் நீளத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் தண்ணீரை விளிம்புக்கு மேல் உப்பி நிற்கிற வரைக்கும் சிந்தாமல் நிரப்பி, மூடியைச் சட்டென்று திருகிவிட வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கடுகளவு காற்றுக் குமிழி மேலே வந்தாலும் அந்தக் குப்பி போச்சு. தண்ணீரில் பெட்ரோல் இருந்தால் அது அந்தக் குமிழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், லேபுக்குப் போகிற தண்ணீர் பொய் சொல்லும். குமிழியே இல்லாமல் ஒரு குப்பியை முதல் தடவை நான் மூடிய அன்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஐஸ் பெட்டியில் இன்னொரு குப்பியும் போகும், அது லேபிலேயே சுத்தமான தண்ணீர் நிரப்பி அனுப்பியது. அதை யாரும் திறக்கக் கூடாது. வழியில் எதுவும் உள்ளே புகவில்லை என்று தெரிந்துகொள்ள அது சும்மா வந்து சும்மா போகும். உன் சின்ன மாமா விசேஷத்துக்கு வந்து போகிற மாதிரி.

கடைசிப் பரீட்சை ஆடி மாதம் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்து அனுப்பினோம், எல்லாம் சுத்தம் என்று வந்தது, நம் கிணறு உட்பட! நீ போனில் "சூப்பர்மா" என்றாயே, அன்றுதான். உன் அப்பா ஜாங்கிரி வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். கோடிவீட்டு லட்சுமி அத்தை ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, "பின்ன? ஆத்தா உட்டுருவாளா? நாங்க ஊத்துனதுதான்டி வேல செஞ்சிருக்குது" என்றாள். நான் "இன்னா ஊத்துனீங்க?" என்றேன். நாங்கள் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, நான் உன்னைப் பார்க்க விழுப்புரம் வந்திருந்த நேரத்தில், தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து லாரி டிரைவரைக் கெஞ்சி, பலகையை நகர்த்தி, ஒரு முழு லாரித் தண்ணீரை நம் கிணற்றில் இறக்கியிருக்கிறார்கள். கூடவே குடம் குடமாக மஞ்சள் கரைத்த தண்ணீர், வேப்பிலை. "ஒனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. ஒம் பொண்ணு கண்ணாலம் வருதில்ல?" என்றாள் முகமெல்லாம் மலர்ந்து. எனக்கு வாயில் இருந்த ஜாங்கிரி இறங்கவில்லை. குழாயென்றால் நின்ற தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் எடுக்கிறோம். கிணற்றில் அப்படி இறைப்பதில்லை, அப்படியே மொண்டு எடுத்தோம். ஆக நாங்கள் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தது லாரித் தண்ணீரை!

அன்று உன் அப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "யாருக்கும் தெரியாது. அவங்களும் ஆசையாத்தான் செஞ்சாங்க. உட்டுடு." எனக்கும் விட்டுவிட ஆசைதான். ஆவணியில் பலகையை எடுத்துவிட்டு வாளி விட்டிருப்பேன், உன் நலங்குக்கும் நான் நினைத்த தண்ணீர் நிச்சயமாகியிருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை அடியில் இன்னும் பெட்ரோல் இருந்தால், அந்தத் தண்ணீரை உன் தலையில் நானே ஊற்றுவேனா? தெருவில் இருக்கிற கைக்குழந்தைகள் குடிக்குமே? நஸ்ரீன் மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர், "ஒரு லாரியா அக்கா? முழு லாரியா?" என்று கேட்டுவிட்டு அடக்கமாட்டாமல் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. கிணற்றை மோட்டார் வைத்து இறைத்து, ஊற்று தானாக ஊறவிட்டு, மழைக்கு அப்புறம் மறுபடி எடுக்கலாம் என்று முடிவானது. மழைக்கு அப்புறம் என்றால் இருப்பதிலேயே கஷ்டமான பரீட்சை.

தெருவில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இவ வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் எல்லார் வூட்லயும் மோட்டார் ஓடியிருக்கும். பெரிய பேஜாரு புடிச்சவ" என்று லாரி வரிசையில் என் காதுபடவே பேசினார்கள். லட்சுமி அத்தை மட்டும் ஒருநாள் வந்து, "நாங்க தப்பு பண்ணிட்டமாடி?" என்று கேட்டாள். "இல்லத்த, ஆசைப்பட்டுட்டீங்க" என்றேன். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. அதனால்தான் பாப்பா, ஐப்பசி மழை விட்டதும் தண்ணீர் எடுக்கிற நாள் உன் நிச்சயத்துக்கு மறுநாள் என்று தெரிந்தபோது, நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இந்தத் தடவை ரிசல்ட் எப்படி வந்தாலும், இவள் கையால் கெட்டது என்று ஒருத்தர் சொல்லக் கூடாது. கோன் மருதாணியில் ஏதோ மருந்தெண்ணெய் கலக்கிறார்கள், பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம், முதல் நாள் பெட்ரோல் பக்கம் போகாதீர்கள், அதன் ஆவி குப்பிக்குள் புகுந்தால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று மேடம் எப்போதும் சொல்வார். நிச்சயத்தன்று காலை உன் அப்பா வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து ஏறச் சொன்னார். ஏறமாட்டேன் என்றேன். ஆட்டோவா? அதுவும் பெட்ரோல்தானே? நடந்தே வந்துவிட்டேன். பூவை விட்டதும் என் அதிகப்பிரசங்கித்தனம்தான். மறுநாள் மேடத்திடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "மருதாணி வெக்காதது சரி. ஆட்டோல போயிட்டு வந்து குளிச்சிட்டு கிளவுஸ் போட்டா போதாதா அக்கா? பொண்ணு நிச்சயத்துக்கு நடந்தா போவாங்க?" ஆக, மொட்டைக் கையோடு நின்றது சரி, நடந்து வந்தது கிறுக்கு. இரண்டையும் நீ சேர்த்துத் திட்டிவிட்டாய். ஒன்றை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்.

தண்ணீர் எடுத்த அன்று நீ பார்த்திருக்க வேண்டும். யாரும் கிட்டே வராமல் கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம் தெருவே நின்றது. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். குழாய்களையெல்லாம் முடித்துக் கடைசியாக நம் கிணறு. குப்பியை மூடிக் கவிழ்த்தேன், குமிழி. கொட்டிவிட்டு இன்னொன்று, அதிலும் குமிழி. பின்னாலிருந்து லட்சுமி அத்தை, "ஏய், யாரும் மூச்சு உடாதீங்கடி!" என்று எல்லாரையும் அதட்டினாள். அடுத்த குப்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. உனக்குப் பூசவேண்டிய சந்தனத்தைக் கூட நான் அவ்வளவு கவனமாகக் குழைக்கமாட்டேன்.

இரு. போன் அடிக்கிறது.

பாப்பா! தேறிவிட்டது! எழுத்து கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும். "அக்கா, ஒக்காந்துக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டார். "நின்னுக்கினுதான் இருக்கிறேன், சொல்லுங்க மேடம்" என்றேன். "எல்லாம் க்ளீன் அக்கா. எல்லா பைப்பும். ஒங்க கெணறும். மழைக்கு அப்புறமும்" என்றார். நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா கொல்லையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். லட்சுமி அத்தை பாத்திரம் விளக்கிய கையோடு ஓடிவந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இந்தத் தபா நாங்க ஒண்ணும் ஊத்தலடி, ஆத்தா மேல சத்தியம்!" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். லாரி வரிசையில் என்னைப் பேசிய வாய்களெல்லாம் இப்போது நம் வாசலில்தான் நிற்கின்றன, எல்லாருக்கும் டீ போட வேண்டும். குடிப்பதற்கு மட்டும் கிணற்றைத் தூர்வாரி, மருந்து போட்டு, எல்லாக் கிணற்றுக்கும் செய்கிற சாதாரண டெஸ்ட் ஒன்று செய்யச் சொன்னார். குளிக்க இப்போதே இறைக்கலாமாம். உன் நலங்குக்கு நானே வாளி விடுவேன். லாரி ஓரமாக நிற்கட்டும்!

இன்னொன்றும் சொன்னார், தயங்கித் தயங்கி. இனிமேல் சோதனை இல்லை என்பதால் குழாய்களையெல்லாம் சிமெண்ட் கலவை ஊற்றி அடைத்துவிடுவார்களாம். "ஒங்களுக்கு வேல இந்த மாசத்தோட முடியுதுக்கா" என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குத்தானே மேடம் இத்தினி வருஷமா குப்பி புடிச்சோம்?" என்றேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அந்த மீட்டரையும் ஐஸ் பெட்டியையும் என் கை தேடும். ஆனால் வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நீ எங்கேயும் பார்க்க முடியாது. டீத்தூளை எடுக்கப்போய்ச் சமையலறையில் தனியாக ஒரு ஆட்டமே போட்டுவிட்டு வந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டார்.

தை மாதம் நீயும் போய்விடுவாய். கோலியனூர் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னைச் சோதிக்க வந்து நிற்கமாட்டேன், பயப்படாதே. நீ நன்றாக இருப்பாய். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள். இந்தத் தெருவில் முதன்முதலாகத் தண்ணீரில் வாசனை வந்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் குடத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, புளி போட்டுத் தேய்தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தோம். நானும் தேய்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம். எல்லார் வாசலிலும் குடம் தங்கமாக மின்னியது, தண்ணீர் மட்டும் நாறியது. அங்கே போன பிறகு உனக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால், உன் குடத்தைத் தேய்த்துக்கொண்டு உட்காராதே. முதல் நாளே என்னைக் கூப்பிடு. அம்மாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

உன் அம்மா